லீவு விட இன்னும் பன்னிரண்டு நாள்

எங்கள் குசினிக் கதவின் பின்புறம் ஒரு நாட்காட்டி தொங்கும். 2018ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, என் மூத்த மகள் எனது சிவப்புப் பேனையால் அன்றைய கட்டத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு, "அம்மா, லீவு விட இன்னும் பன்னிரண்டு நாள்" என்றாள்.

நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். என்னுடைய கணக்கு வேறு. முதலாம் தவணைப் பரீட்சை அந்தக் கிழமை முடிகிறது. என் வகுப்பில் 28 பிள்ளைகள். தமிழ், கணிதம், சுற்றாடல்சார் செயற்பாடுகள், சமயம் என்று ஆளுக்கு நான்கு விடைத்தாள், மொத்தம் 112. அவற்றைத் திருத்தி, புள்ளிப் பட்டியல் போட்டு, தேர்ச்சி அறிக்கை எழுதி, இடாப்பைக் கூட்டி முடித்து அதிபரிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டிலே ஒட்டடை அடிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் புத்தாண்டு உடுப்பு எடுக்க வேண்டும், பணியாரத்துக்குப் பயறு வறுத்து மாவாக்க வேண்டும். ரீச்சருக்கு என்ன குறை, வருசத்தில் மூன்று முறை லீவு என்று சொல்கிறவர்கள், அந்த லீவுக்கு முந்திய இரண்டு கிழமையும் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் இருப்பது கோண்டாவிலில். நான் அப்போது படிப்பித்தது கிளிநொச்சியில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சிறிய பாடசாலையில், தரம் ஐந்துக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 65 கிலோமீற்றர். ஒன்பது ஆசிரியைகள் சேர்ந்து ஒரு வான் பிடித்துப் போய்வந்தோம். வான் 5.20க்கு ஒழுங்கை முகப்பில் வந்து நிற்கும். சமைத்து, பார்சல் கட்டி, குளித்து வெளிக்கிட வேண்டுமென்றால் 3.45க்கு எழும்பவேண்டும். இவருக்கு மன்னாரில் வேலை. வெள்ளி இரவு வருவார், திங்கள் விடியப்புறம் போய்விடுவார். மகள் தரம் ஐந்து, மகன் தரம் மூன்று. இருவரையும் எழுப்பி, சாப்பாடு கொடுத்து, ஓட்டோவில் ஏற்றிவிடுவது முதல் பின்னேரம் நான் வரும்வரை பார்த்துக்கொள்வதுவரை எல்லாம் மாமிதான். மாமிக்கு அப்போது 71 வயது. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் தாய்க்குப் பிரசவத்துக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் விடுமுறை உண்டு. அதற்குப் பிறகு எங்களில் பெரும்பாலானோருக்கு இருக்கிற ஒரே ஏற்பாடு மாமியோ அம்மாவோதான்.

அந்த ஞாயிறு இரவு என் கைப்பையில் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று, மகளின் ரியூசனில் கொடுத்த விடுமுறைகால நேரசூசி: காலை 7.30 முதல் 12 மணி வரை, பின்னேரம் 2 மணி முதல் 5 வரை, வருசப்பிறப்பன்று மட்டும் ஓய்வு. மற்றது என் பாடசாலையில் தந்தது. புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஐந்து நாளாவது விசேட வகுப்பு வைத்தால் நல்லது, விரும்பும் ஆசிரியர்கள் பெயர் தரவும் என்று இருந்தது. தரம் ஐந்துக்கு இருந்தது நான் ஒருத்தி. 'ஆசிரியர்கள்' என்று பன்மையில் எழுதியிருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது.

"லீவுக்கு அம்மம்மா வீட்டை போவமோ?" என்று மகள் கேட்டாள். அம்மா இருப்பது கரவெட்டியில். அந்த நாட்களில் அங்கே கருப்பநீர் வரும், பச்சை மாங்காய் வெட்டிப் போட்டுக் குடிக்கலாம்.

"பார்ப்பம்" என்றேன்.

எங்கள் வீட்டில் பார்ப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். அவளுக்கும் அது தெரியும். மறுபடி கேட்கவில்லை.

இந்தப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1940களில் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த காலத்தோடு வந்த ஏற்பாடு இது. கெட்டிக்காரப் பிள்ளை ஏழை வீட்டில் பிறந்துவிட்டால் அதற்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் ஓரிடமும் கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். இன்றைக்கு இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. அதற்காகத் தரம் மூன்றிலேயே வகுப்புத் தொடங்கிவிடுகிறது. உதவிப்பணம் தேவைப்படாத வீட்டுப் பிள்ளைகள்தான் காலையும் மாலையும் வகுப்புக்கு ஓடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். கிளிநொச்சியில் தரம் ஐந்து படிப்பிக்கிற நான், என் சொந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து படிப்பிக்க நேரமில்லாமல் கோண்டாவிலில் காசு கட்டி இன்னொருவரிடம் விட்டிருந்தேன்.

மறுநாள் பங்குனித் திங்கள். மாமி வருசந்தோறும் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் போய்ப் பொங்குவார். ஒரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி, அயல்வீட்டு அக்காவிடமும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். கோயிலில் சனம், பஸ் கிடைக்கவில்லை. எங்கள் வான் அன்றைக்கென்று பார்த்துப் பளைக்கு இப்பால் காற்றுப் போய் நின்றது. மகள் இரண்டு மணிக்கு வகுப்புக்குப் போய்விட்டாள். அயல்வீட்டு அக்கா வெயிலுக்குச் சற்றுச் சரிந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அவரில் பிழை சொல்ல முடியாது. சித்திரை பிறக்க முந்திய அந்த வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்; ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வரும் காலம்.

நான் வீட்டுக்கு வரும்போது நாலு மணி. படலை திறந்து கிடந்தது. சின்னவனின் சப்பாத்து விறாந்தையில் இருந்தது. ஆளைக் காணவில்லை. கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் போனேன். கிணற்றடி ஈரமாக இருந்தது. கப்பியில் கயிறு இல்லை.

எங்கள் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறது, ஆனால் அது எட்டு வயதுப் பிள்ளை எட்டிப் பார்க்கக்கூடிய உயரம்தான். நான் அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் வாளி கவிழ்ந்து மிதந்தது. கயிறு அதனோடு கிடந்தது. வேறொன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, அயல்வீட்டு அக்காவும் அவருடைய மகனும் மதிலால் ஏறிக் குதித்து வந்தார்கள். தம்பி கயிறு கட்டி இறங்கப்போகும்போதுதான் அக்கா வீட்டுக்குள் போய்த் தேடினார்.

சின்னவன் கட்டிலுக்குக் கீழே நித்திரை. வெக்கை தாங்காமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறான். வாளி கனத்துக் கயிறு கையால் நழுவிவிட்டது. அம்மா பேசுவா என்ற பயத்தில் போய் ஒளித்தவன் அங்கேயே தூங்கிவிட்டான். நான் பேசவுமில்லை, அடிக்கவுமில்லை. அவனுடைய தலைமயிர் இன்னும் காய்ந்தபடியே இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் அதில் படவில்லை.

அடுத்த நாளே கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலையில் மூடி அடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதை எத்தனை வருசமாகச் செய்வோம் செய்வோம் என்று இருந்தோம்!

அந்த வெள்ளி பெரிய வெள்ளி, சனி போயா. மூன்று நாளும் இருந்து திருத்துவதென்று தமிழ் விடைத்தாளை முதலில் எடுத்தேன். கடைசி வினாவுக்கு 'எனது விடுமுறை' என்று நானேதான் தலைப்புக் கொடுத்திருந்தேன். பத்து வசனத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் எழுதுவது ஒன்றுதான்: மாமா வீட்டுக்குப் போவோம், கடற்கரைக்குப் போவோம், புது உடுப்புப் போடுவோம். போகாத பிள்ளையும் போவேன் என்றுதான் எழுதும். ஒரு பையன் மட்டும் மூன்று வசனம் எழுதியிருந்தான். லீவில் தங்கச்சியைப் பார்ப்பேன். சோறு சூடாக்கிக் கொடுப்பேன். கிணற்றடிக்குப் போகமாட்டோம்.

அவனுடைய தாயை எனக்குத் தெரியும். தகப்பன் இல்லை. அவர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர். விடிய முன்னம் பஸ் வந்து ஏற்றிப்போகும், இருட்டத்தான் கொண்டுவந்து விடும். பாடசாலை நாளில் பையன் தரம் ஐந்தில், தங்கை முன்பள்ளியில். மதியச் சாப்பாடும் பாடசாலையில் கிடைத்துவிடும். பாடசாலை மூடினால் முன்பள்ளியும் மூடிவிடும். ஆனால் தொழிற்சாலை வருசப்பிறப்பை ஒட்டிச் சில நாட்கள்தான் மூடும். அவர்கள் காணியில் இருப்பது கட்டில்லாத கிணறு. வன்னியில் அப்படி எத்தனையோ கிணறுகள் கிடக்கின்றன. அந்தத் தாய் காலையில் போகும்போது சொல்லிவிட்டுப் போகிற ஒரே புத்திமதியை அவன் தமிழ்ப் பரீட்சையில் எழுதியிருக்கிறான்.

புள்ளித்திட்டத்தின்படி அதற்கு மூன்று புள்ளிக்கு மேல் போட முடியாது. பேனையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். கடைசியில் மூன்றுதான் போட்டேன். கூட்டிப் போடுவது இரக்கமாக இருக்கலாம், ஆனால் மற்ற 27 பிள்ளைகளுக்கும் அது நியாயமில்லை. இன்றைக்கும் அந்த மூன்று சரிதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு இவரிடம் என் யோசனையைச் சொன்னேன். லீவின் முதற்கிழமை பிள்ளைகள் இருவரும் கரவெட்டியில் அம்மம்மாவோடு. வருசப்பிறப்பு எங்கள் வீட்டில். அது முடிந்து வரும் திங்கள் முதல் வெள்ளி வரை நான் கிளிநொச்சியில் வகுப்பு வைக்கிறேன், பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மகள் என் வகுப்பில் இருக்கட்டும். ரியூசன் இந்த லீவுக்கு வேண்டாம்.

இவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மாமிதான் சொன்னார். "புலமைப்பரிசில் வருசத்தில வகுப்பை மறிச்சுப்போட்டு, பிள்ளையை வன்னி வெயிலுக்குள்ள இழுத்துக்கொண்டு திரியப் போறியோ? ஆர் பெத்த பிள்ளையளுக்கோ பாத்து உன்ர பிள்ளையை விடப்போறாய் பிள்ளை." மாமி சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் பிள்ளைகளை இத்தனை வருசம் வளர்த்தவர் அவர். திங்கட்கிழமை நடந்ததற்குப் பிறகு அவர் கோயிலுக்குப் போனதையே நினைத்து நினைத்து அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் ஒரு கிழமை ஓய்வு வேண்டும் என்று இவர் மெல்லச் சொன்னார். தாயிடம் அப்படிச் சொல்ல மகனால்தான் முடியும். நான் சொல்லியிருந்தால் வேறு அர்த்தம் வந்திருக்கும்.

அதிபரிடம் பெயர் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை கேட்டேன். பிள்ளைகள் தங்கள் சின்னச் சகோதரங்களையும் கூட்டிவரலாம் என்று இருக்க வேண்டும். அதிபர் சற்று யோசித்தார். வலயத்தில் அனுமதி எடுக்கும்போது அதை எப்படி எழுதுவது என்று அவருக்குச் சங்கடம். எழுதாமலே விட்டுவிட்டோம். மதியத்துக்குக் கஞ்சி காய்ச்சித் தருவதாகப் பெற்றார் சிலர் சொன்னார்கள். ஆரம்பப்பிரிவில் இன்னொரு ஆசிரியை சின்னவர்களைத் தான் பார்ப்பதாக வந்தார். அவருக்கும் வீட்டில் இரண்டு.

முடிவு என்னவென்று சில சகோதரிகள் கேட்பீர்கள். பரீட்சை அந்த ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் திகதி நடந்தது. மகள் எடுத்தது 158. வெட்டுப்புள்ளிக்குக் காணவில்லை. அந்த ஐந்து நாள் வகுப்பு மறித்ததுதான் காரணம் என்று மாமி கனகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் வகுப்பில் இருவர் சித்தியடைந்தார்கள். அந்தப் பையன் அவர்களில் இல்லை. ஆனால் ஐந்து நாளும் தங்கையைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தது அவன்தான். மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். 158ஐப் பற்றி யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் வரும், கிளிநொச்சிக் கதை என்றால் நாள் முழுக்கச் சொல்வாள்.

ஏப்ரல் 6ஆம் திகதி வெள்ளிக்கிழமை தவணை முடிந்து வரும்போது தேர்ச்சி அறிக்கை எழுதிய விரல் மடங்க மறுத்தது. வீட்டுக்குள் வந்து கைப்பையை வைக்கவில்லை, மகள் சிவப்புப் பேனையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் நாட்காட்டியில் கடைசிக் கட்டத்தை வெட்டினாள். பிறகு அடுத்த கிழமைகளைப் பார்த்து, 16ஆம் திகதியில் ஒரு வட்டம் போட்டாள்.

"அம்மா, அண்டைக்கு வானுக்கு எத்தினை மணிக்கு எழும்ப வேணும்?"

"மூண்டே முக்காலுக்கு."

அவள் சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு நாளுமோ?" என்று கேட்டாள்.