பெரிய டிஸ்க் வாங்கும் முன் ஒரு கணக்கு: விலை, வேகம், கரண்ட் பில்



ஸ்டோரேஜ் பற்றி நம்ம பாட்காஸ்டில் எப்போது பேசினாலும் அடுத்த நாள் இன்பாக்ஸில் வரும் கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான்: "12 டிபி வாங்கலாமா, 20 டிபி வாங்கலாமா? 7200 ஆர்பிஎம் அவசியமா?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. அந்த டிஸ்க் உங்க வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சுத்தப் போகுது? விலை, வேகம், மின்சாரம் மூணில் எதைப் பெரிசா பார்க்கணும், எதைக் கண்டுக்காம விடலாம் என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும். ஆடியோவில் எண்களை வரிசையாகச் சொன்னால் யாருக்கும் மனசில் நிற்காது. அதனால் கணக்கை இங்கே எழுத்தில் போடுகிறேன்.

முதலில் கரண்ட் பில்

ஒரு வாட் இழுக்கும் பொருள் வருஷம் முழுக்க நிற்காமல் ஓடினால் 8.76 யூனிட் ஆகும். இந்த ஒரு எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நான் இருக்கும் ஜெர்மனியில் யூனிட் 38 சென்ட் என்று வைத்தால், ஒரு வாட்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 3.33 யூரோ. மாண்ட்ரியலில் இருக்கும் நண்பர்களுக்கு யூனிட் 8 கனடிய சென்ட் என்று வைத்தால், அதே ஒரு வாட்டுக்கு 70 சென்ட்தான். டிஸ்க் ஒண்ணுதான், ஆனால் ஊருக்கு ஊர் பதில் மாறும். யூடியூபில் அமெரிக்காக்காரர் சொல்லும் சிபாரிசை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். உங்க பில்லை எடுத்து யூனிட் விலையைப் பாருங்க.

3.5 இன்ச் டிரைவ்கள் சும்மா சுத்திக்கொண்டிருக்கும்போது பொதுவாக 3 முதல் 6 வாட் வரை எடுக்கும். படிக்கும்போதும் எழுதும்போதும் 6 முதல் 10 வாட் வரை போகும். 4 டிபிக்கும் 16 டிபிக்கும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் எத்தனை டிபி என்பதைவிட எத்தனை டிரைவ் என்பதுதான் பில்லை ஏற்றும்.

ஒரு உதாரணம். அலமாரியில் கிடக்கும் நாலு பழைய 4 டிபி டிரைவ்களை நாஸில் போட்டால் காசு மிச்சம் என்று தோணும். நாலும் சேர்ந்து 18 வாட், ஒற்றை 16 டிபி 6 வாட் என்று வைப்போம். வித்தியாசம் 12 வாட், வருஷத்துக்கு 105 யூனிட். ஜெர்மனியில் அது 40 யூரோ. அஞ்சு வருஷத்தில் 200 யூரோ. "இலவச" டிரைவ்களுக்கு நீங்க கொடுக்கும் வாடகை அது. மாண்ட்ரியலில் அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து 42 டாலர்தான் வரும். அங்கே பழைய டிரைவ்களை ஓட்டுவதில் தப்பே இல்லை.

இன்னொரு பக்கமும் பாருங்க. தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் பேக்கப் எடுத்துட்டு அணைக்கும் யுஎஸ்பி டிரைவ் 8 வாட் எடுத்தாலும் வருஷத்துக்கு 3 யூனிட்கூட வராது. ஜெர்மனியில் அது ஒரு யூரோ சொச்சம். அந்த வேலைக்கு டிரைவ் வாங்கும்போது டேட்டாஷீட்டில் வாட் கணக்கைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஹீலியம் ஏன்?

பெரிய டிரைவ்களில் ஹீலியம் நிரப்பியிருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஹீலியத்தின் அடர்த்தி காற்றில் ஏழில் ஒரு பங்குதான். உள்ளே சுத்தும் தட்டுகளுக்கு உராய்வு குறையும், அதிர்வு குறையும், தட்டுகளை இன்னும் நெருக்கமாக அடுக்கலாம். 2013இல் எச்ஜிஎஸ்டி கொண்டுவந்த 6 டிபி டிரைவில் இப்படி 7 தட்டுகளை வைத்தார்கள். 7200 ஆர்பிஎம் ஹீலியம் டிரைவ் ஒன்று, அதே வேகத்தில் சுத்தும் காற்று நிரப்பிய சின்ன டிரைவைவிடக் குறைந்த கரண்டில் ஓடுவது இதனால்தான். "5400 என்றால் சிக்கனம், 7200 என்றால் செலவு" என்ற பழைய சூத்திரம் பெரிய டிரைவ்களுக்கு அப்படியே பொருந்தாது.

விலை: டே ரேட் மாதிரி பாருங்க

கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு டே ரேட் கணக்கு தண்ணி பட்ட பாடு. டிஸ்க்குக்கும் அதே மாதிரி ஒரு வருஷ ரேட் போடலாம். டிரைவ் விலையோடு அஞ்சு வருஷக் கரண்டைக் கூட்டி, அஞ்சால் வகுத்தால் போதும்.

விலைகள் மாதத்துக்கு மாதம் ஆடும், அதனால் கணக்குக்காக மட்டும் சில எண்கள். 8 டிபி 180 யூரோ, 5 வாட். 16 டிபி 300 யூரோ, 6 வாட். ரெண்டுமே 24 மணி நேரமும் ஓடுது.

உங்களுக்கு 16 டிபி இடம் வேணும் என்றால், ரெண்டு 8 டிபிக்கு விலையும் அஞ்சு வருஷக் கரண்டும் சேர்த்துச் சுமார் 526 யூரோ. ஒற்றை 16 டிபிக்கு 400 யூரோ. பெரியது ஜெயிக்குது. ஆனால் உங்களிடம் இருப்பது 6 டிபி டேட்டா மட்டும்தான் என்றால், ஒரு 8 டிபிக்கு 263 யூரோதான் ஆகும். "டிபிக்கு விலை குறைவு" என்று 16ஐ எடுத்தால், காலியாகக் கிடக்கும் இடத்துக்கு 137 யூரோ கூடுதல்.

வாரண்டியையும் இதில் சேர்த்துப் பாருங்க. சாதாரண டெஸ்க்டாப் டிரைவ்களுக்கு 2 வருஷம், நாஸ் டிரைவ்களுக்கு 3 வருஷம், புரோ, என்டர்பிரைஸ் வகைகளுக்கு 5 வருஷம் என்பதுதான் வழக்கம்.

வேகம்: பாட்டில் கழுத்து எங்கே?

இன்றைய பெரிய 7200 ஆர்பிஎம் டிரைவ் ஒன்று தட்டின் வெளி வட்டத்தில் விநாடிக்கு 250 எம்பி அளவுக்குக் கொடுக்கும். உள் வட்டத்துக்கு வரும்போது அது ஏறத்தாழப் பாதியாகும். கேட்க நல்லா இருக்கு. ஆனால் உங்க நாஸ் இருப்பது ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் என்றால், அந்தக் குழாயில் விநாடிக்கு 110 எம்பி சொச்சம்தான் போகும். 5400 ஆர்பிஎம் டிரைவே அதை நிரப்பிவிடும். மேலே கொடுக்கும் காசு ஸ்விட்சைத் தாண்டி வராது. வைஃபையில் படம் பார்ப்பதற்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 4கே ப்ளூரே கோப்புகூட விநாடிக்கு 20 எம்பியைத் தாண்டுவது அபூர்வம்.

சின்னச் சின்னக் கோப்புகளாக ஆயிரக்கணக்கில் தேடும் வேலையில் கதை வேறு. 7200இல் சரியான இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக 4.2 மில்லிசெகண்ட், 5400இல் 5.6. தலை நகரும் நேரம் தனி. ரெண்டுமே எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆகவே போட்டோ கேட்டலாக், டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் எல்லாம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பெரிய கோப்புகள் மட்டும் ஹார்ட் டிரைவுக்குப் போகட்டும். வேகமான ஹார்ட் டிரைவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட இதுதான் புத்திசாலித்தனமான செலவு.

பெட்டியில் எழுதாத விஷயம்

வேகத்தில் உண்மையிலேயே அடி விழும் இடம் எஸ்எம்ஆர். தடங்களை ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை இது. படிப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு இடத்தை மாற்றி எழுதணும்னா பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திருப்பி எழுதணும். தொடர்ந்து எழுதும்போது வேகம் தரைமட்டமாகிவிடும். ரெய்டு ரீபில்டில் டிரைவ் பதில் சொல்லாமல் வெளியே தள்ளப்படுவதும் உண்டு. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில 2 முதல் 6 டிபி டிரைவ்கள் எஸ்எம்ஆர் என்பது சொல்லப்படாமலே விற்கப்பட்டது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிரைவ்களுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும், மாடல் எண்ணைத் தேடி சிஎம்ஆரா என்று பார்த்துட்டு வாங்குங்க. நாஸுக்கு சிஎம்ஆர் மட்டும்தான்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2025 தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் என்டர்பிரைஸ் டிரைவ்கள் புதுசு என்ற பெயரில் கடைகளில் விற்கப்பட்டதை ஜெர்மனியின் ஹைசே இதழ் வெளிக்கொண்டுவந்தது. ஸ்மார்ட் கணக்கை பூஜ்யமாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் சீகேட் டிரைவ்களுக்குள் ஃபார்ம் என்று ஒரு தனிப் பதிவு இருக்கு, உண்மையான ஓட்ட நேரம் அதில் நின்றுவிட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4இலிருந்து அதைப் படிக்கலாம். டிரைவ் கைக்கு வந்ததும் முதல் வேலையாக ரெண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்க.

சரி, 12ஆ 20ஆ?

என் பதில்: ரெண்டு 12. அல்லது உங்க டேட்டா எவ்வளவோ அந்த அளவில் ரெண்டு.

பேக்பிளேஸ் நிறுவனம் தன் டேட்டா சென்டர்களின் டிரைவ் புள்ளிவிவரங்களைப் பல வருஷமாக வெளியிட்டு வருது. 2023இல் அவர்களிடம் பழுதான டிரைவ்கள் சுமார் 1.4 சதவீதம். சின்ன எண்தான். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே டிரைவ் என்றால் சதவீதமெல்லாம் ஆறுதல் தராது. போனால் மொத்தமும் போச்சு. நம்மில் பலரது டிஸ்க்கில் இருப்பது வெறும் சினிமா இல்லை. ஊரில் விஎச்எஸ் கேசட்டிலிருந்து மாற்றிய அம்மா அப்பா கல்யாண வீடியோ, பாட்டியின் குரல், பிள்ளைகளின் முதல் நடை. அந்தக் கேசட்டே பூஞ்சை பிடித்துப் போன பிறகு, டிஸ்க்கில் இருப்பதுதான் அசல்.

ரெய்டு இதற்குப் பதில் ஆகாது. தவறி அழித்தால் ரெண்டு டிரைவிலும் ஒரே நொடியில் அழியும். ரேன்சம்வேரும் அப்படியே. ஒரு டிரைவ் நாஸில் ஓடட்டும். இன்னொன்று வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து, அணைத்து, முடிந்தால் தங்கச்சி வீட்டிலோ நண்பர் வீட்டிலோ இருக்கட்டும். ரெண்டாவதுக்கு வேகம் வேண்டாம், கரண்ட் செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே அதில் விலையை மட்டும் பார்த்து வாங்கலாம்.

வாங்கியதும் ஒரு வேலை இருக்கு. முழு டிஸ்க்கையும் ஒருமுறை எழுதிச் சோதியுங்க. சராசரி 200 எம்பி வேகத்தில் 12 டிபிக்கு 17 மணி நேரம் ஆகும், திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னொரு 17. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க 14 நாள் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஓட விட்டால் ஞாயிறு காலையில் பதில் தெரிஞ்சுடும். அதுவரை பழைய டிஸ்க்கில் இருந்து எதையும் அழிக்காதீங்க.

உங்க ஊர் யூனிட் விலையையும், உங்களிடம் இருக்கும் டேட்டா அளவையும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலருடைய கணக்கை எடுத்துப் பேசுவோம்.