உங்களுக்குத் தெரியுமா? சட்டத்தில் இருந்தும் கிடைக்காத பள்ளிக்கூடம்

துருக்கி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் அசிரியக் கிறிஸ்தவர் எரோல் டோரா. வழக்கறிஞரான இவர் 2011-இல் குர்து கட்சியின் ஆதரவோடு, மார்தின் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். ஒரு சிறுபான்மைக்கு இன்னொரு சிறுபான்மை தோள்கொடுத்த கதை இது.

அவர் முன்வைத்த வாதம் எளிமையானது. 1923-ஆம் ஆண்டின் லோசான் ஒப்பந்தம், முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினர் சொந்தச் செலவில் பள்ளி நடத்தி, தங்கள் மொழியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்கிறது. எந்தச் சமூகத்தின் பெயரும் அதில் இல்லை. ஆனால் அரசு நடைமுறையில் அந்த உரிமையை ஆர்மேனியர், கிரேக்கர், யூதர் என மூவருக்கே கொடுத்தது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான்! இயேசு பேசிய அரமேயத்தின் வழிவந்த அசிரியர் மொழிக்குப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. 397-இல் நிறுவப்பட்ட அவர்களுடைய மார் கபிரியேல் மடமோ தன் நிலத்துக்காக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தது.

இந்த மார்தின் நமக்கு அவ்வளவு தூரமில்லை. அங்கே பிறந்த சிரியாக் ஆர்த்தடாக்ஸ் சபையின் மறைமுதல்வர் இக்னாத்தியோஸ் மூன்றாம் எலியாஸ், கேரளத்துச் சபைப் பூசலைத் தீர்க்க வந்து, 1932-இல் மஞ்ஞினிக்கரையில் காலமானார். கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

பள்ளி வழக்கில் 2013-இல் அங்காரா நீதிமன்றம் அசிரியர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு இஸ்தான்புல்லில் அவர்களுடைய மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. டோரா 2015-இல் நடந்த இரண்டு பொதுத்தேர்தல்களிலும் மீண்டும் வென்றார்.