காய்ச்சல் தணிந்த பின்னும்

ஒருவனுக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. குளிர் நடுக்கமும் பெருவெப்பமும் வியர்வையும் மாறி மாறி அவனை வருத்தின. மருந்துண்டான், காய்ச்சல் தணிந்தது. நோய் நீங்கிற்று என மகிழ்ந்தான். ஆயினும், அதன்பின் அவன் குருதியைப் பருகிய கொசு, ஏறத்தாழ இரு கிழமை கழித்து அடுத்த வீட்டானைக் கடித்து, அவனையும் நோயில் வீழ்த்தியது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது?

மலேரியாவை விளைப்பது பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணி. அனாபிலிஸ் இனப் பெண்கொசு கடிக்குங்கால் அது நம் உடலுட் புகும். முதலில் கல்லீரலிற் பெருகிப் பின்னர்க் குருதியை அடையும். ஆங்குச் செவ்வணுவினுள் நுழைந்து, வளர்ந்து, பலவாகப் பிரிந்து, அவ்வணுவை உடைத்துக்கொண்டு வெளிப்படும். பால்சிப்பாரம் என்னும் கொடிய வகையில் இது சுமார் 48 மணிக்கு ஒருமுறை நிகழும். செவ்வணுக்கள் உடையும்போதே காய்ச்சல் உண்டாகிறது. இப்பெருக்கத்திற்கு ஆண் பெண் என்னும் வேறுபாடு வேண்டுவதில்லை. ஆனால், இவ்வுருவிலுள்ள ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றை அடையின் மாண்டொழியும்.

ஆகவே, ஒட்டுண்ணிகளுட் சில வேறு வழி செல்கின்றன. ஏபி2-ஜி என்னும் மரபணு அவற்றினுள் செயற்படத் தொடங்கியதும், அவை பிளவுபடுதலை விடுத்து, ஆணாகவோ பெண்ணாகவோ உருமாறும். இதனை அறிஞர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பால்சிப்பார வகையில் அவ்விளம் உருக்கள் எலும்பு மச்சை முதலிய இடங்களில் பத்துப் பன்னிரண்டு நாள் மறைந்து வளர்ந்து, பிறைத்திங்கள் போன்ற வடிவுடன் குருதியில் உலவ வரும். இவை செவ்வணுக்களை உடைத்துப் பெருகுவதில்லை; ஆதலின் காய்ச்சலும் தருவதில்லை.

கொசுவின் வயிற்றில் வெப்பம் குறைந்தவுடன் பிறைகள் உருண்டையாகும். ஆணுரு கால்மணி நேரத்தில் எட்டு இழைகளை வெளிவிடும். ஓரிழை பெண்ணணுவோடு கூடக் கரு உண்டாகும். அவ்விழைகள் துடிப்பதை 1880இல் அல்சீரியாவில் முதன்முதற் கண்டவர் இலாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர். கொசுவின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணி வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் கண்டவர் உரொனால்டு இராசு.

காய்ச்சலைத் தணிக்கும் மருந்துகள் பல, முதிர்ந்த பிறைகளை அழிப்பதில்லை. பிரைமாகுயின் என்னும் மருந்து அவற்றை அழிக்கவல்லது. ஆதலின், காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துதல் தகாது. மருத்துவர் குறித்த அளவு முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். அந்நாள்களிற் கொசுவலைக்குள் உறங்குதலும் வேண்டும். அது நம்மைக் காப்பதோடு அடுத்த வீட்டாரையும் காக்கும்.