களவும் மீளளிப்பும்: யாழ்ப்பாணத்துச் சொத்துறவு பற்றிய ஒரு குறிப்பு

களவுபோன பொருள் உரியவரிடம் மீள வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், 'உரியவர்' யார் என்பது வரலாற்றுக்குரிய வினாவாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து இதனை நோக்குவோம்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். 1860இல் நிறைவேறிய இந்தியக் கோவையே அதற்கு மாதிரி. ஒருவரது உடைமையிலுள்ள அசையும் ஆதனத்தை, நேர்மையீனமாக எடுக்கும் எண்ணத்துடன், அவரது இசைவின்றி அசைத்தலே களவு என்கிறது அதன் 366ஆம் பிரிவு. சாதாரண களவுக்கு மூன்றாண்டு வரை மறியல், அல்லது தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மண்ணோடு ஒட்டிய பொருள் அசையும் ஆதனமன்று. எனவே நிற்கும் பனை களவுபோகாது. மண்ணினின்று வேறானதும் களவுக்குரிய பொருளாகிவிடுகிறது. பிறர் பனங்கூடலில் வீழ்ந்த காவோலையும் பனம்பழமும் அத்தகையனவே.

மீளளிப்பும் இதே தருக்கத்தின் வழிப்பட்டது. களவுச் சொத்து, அதனை வைத்திருக்கச் சட்டப்படி உரித்துடையவரிடம் சேர்ந்ததும் அப்பெயரை இழக்கிறது. கள்வனிடம் வாங்கியவன் விலை கொடுத்திருப்பினும், உரோமன் ஒல்லாந்தச் சட்டப்படி, கள்வனுக்கு இல்லாத உரிமையைப் பெறான். களவுக்கு முந்திய நிலை மீட்கப்படுகிறது. அந்நிலை எவ்வாறு தோன்றிற்று என்பது குற்றவியல் மன்றின் விசாரணைக்கு அப்பாற்பட்டது.

1842இல் றைன் மாகாணச் சபையின் விறகுக் களவுச் சட்ட விவாதங்களை விமர்சித்த மார்க்ஸ், காய்ந்து வீழ்ந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழைகளின் வழக்காற்று உரிமை களவாக மாற்றப்படுவதைச் சுட்டினார். தண்டப்பணமும் காட்டுடைமையாளருக்கே சேரவேண்டுமென அங்கு கோரப்பட்டது. இலங்கைச் சட்டம் அவ்வளவு வெளிப்படையாக நடந்துகொள்ளவில்லை. எனினும் அதன் தொடக்கப்புள்ளியும் உடைமையாளரே.

அவ்வுடைமை யாருடையது? ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706–07இல் தொகுத்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகியவற்றோடு அடிமைகளையும் பேசுகிறது. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். கோவியர், நளவர், பள்ளர் ஆகிய அடிமைக் குடிகளில் பிறக்கும் பெண் குழந்தைகளை விலை கொடுத்து விடுவிக்க 1821இல் அரசு ஏற்பாடு செய்தபோது, பணம் பெற்றோர் எசமானரே. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தலைமுறைகளாகப் பறிக்கப்பட்ட உழைப்புக்கு மீளளிப்பு எதுவும் வழங்கப்படவில்லை.

ஆகவே, பனையில் ஏறியவன் ஓலையை எடுத்தால் அது களவு. அவன் உழைப்பை எடுத்தால் அது வழமை. இம்முரண்பாட்டை உணராது கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற நாவல்களை முழுமையாகப் புரிந்துகொள்ள இயலாது என்பது மனங்கொள்ளத்தக்கது.