ஐந்தில் ஒன்று

மரபணு என்றதும் கண்ணின் நிறமும் தாத்தா வழி வந்த நீரிழிவுமே நம் நினைவுக்கு வரும். உயிரியல் பயிலும் என்னை அதிகம் சிந்திக்க வைத்ததோ, கண்ணே இல்லாத ஓர் உயிரி. அதன் பெயர் டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம். 'சளிப் பூஞ்சை' என்று அழைக்கப்பட்டாலும் இது பூஞ்சை அன்று, ஒருவகை அமீபா. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் காட்டில் 1933-இல் கென்னத் ரேப்பர் இதனைக் கண்டெடுத்தார்.

உணவு உள்ளவரை ஒவ்வோர் அமீபாவும் தனித்தே வாழும். பாக்டீரியாவைத் தின்று, இரண்டாகப் பிரிந்து பெருகும். பட்டினி தொடங்கியதும் உறங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்துக் கொள்கின்றன. ஒரு மரபணு, சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதியை உருவாக்குகிறது. இன்னொன்று அப்பொருளை உணரும் ஏற்பியை உருவாக்குகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இவ்வழைப்பு அலையலையாகப் பரவ, ஒரு லட்சம் அமீபாக்கள் வரை ஓரிடத்தில் திரள்கின்றன. அந்த நொதிக்குரிய மரபணுவை நீக்கிவிட்டால் அழைப்பும் இல்லை, கூட்டமும் இல்லை.

திரண்ட கூட்டம் ஓடில்லா நத்தையைப் போல வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து, பின் நிமிர்ந்து நிற்கும். பட்டினி தொடங்கிய 24 மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயிரணுக்கள் காம்பாகி இறக்கின்றன. மற்றவை அதன் உச்சியில் வித்துகளாகி, நல்ல காலத்துக்காகக் காத்திருக்கின்றன.

இங்குதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. காம்பாகாமல் நழுவும் 'ஏமாற்றுக்காரன்' தோன்றினால் என்ன ஆகும்? அப்படி ஒன்று உண்மையிலேயே இருப்பதை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. எஃப்.பி.எக்ஸ்.ஏ. என்னும் மரபணு பழுதான அமீபாக்களை இயல்பானவற்றோடு கலந்தால், அவை காம்பைத் தவிர்த்து வித்துகளில் தம் பங்குக்கு மேல் இடம் பிடிக்கின்றன. ஆனால் அவற்றை மட்டும் தனியே வளர்த்தால் வளர்ச்சி நிறைவு பெறுவதில்லை. வித்தும் சரியாக உருவாவதில்லை. தாங்க ஆளில்லாத இடத்தில் ஏமாற்று பலிப்பதில்லை!

மற்றொரு காவலும் உண்டு. டி.ஜி.ஆர்.பி.1, டி.ஜி.ஆர்.சி.1 என்னும் இரு மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்து, உறவினரை இனங்காண உதவுகின்றன. உறவோடு சேர்வதால், இறக்கும் அமீபாவின் மரபணுக்கள் பிழைக்கும் வித்துகளிலும் தொடர்கின்றன. தியாகம் செய்யும் குணம் தலைமுறைதோறும் அழியாமல் நிற்பதன் காரணம் இதுவே.

2005-இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 12,500 மரபணுக்கள் உள்ளன. மனிதரிடம் சுமார் 20,000. கண்ணுக்குத் தெரியாத அமீபாவுக்கும் நமக்கும் இடைவெளி இவ்வளவுதானா, நண்பர்களே?