அண்ணாச்சியின் ஆம்பிளிபையர்

சங்கரன்கோவில் என்றதும் ஆடித் தபசும், கோமதி அம்மனும், புற்றுமண் பிரசாதமும் நினைவுக்கு வரும். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் காதுக்கு வருவது விசைத்தறியின் 'டக்கடி டக்கடி'தான். பகலெல்லாம் தறிச் சத்தத்தில் ஊறிய காதுக்கு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தோடியோ கல்யாணியோ கிடைத்தால் அதைவிட வேறு மருந்து வேண்டுமா? அந்த மருந்தைக் கலப்படமில்லாமல் கொடுக்க வேண்டிய யந்திரம் ஆம்பிளிபையர். அதற்குப் புது உயிர் கொடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்த ஊரில் சங்கீதப் பித்துப் பிடித்த ஓர் அண்ணாச்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்து போட்ட வால்வு ஆம்பிளிபையர் ஒன்று அவர் வீட்டுப் பரணில் உறங்குகிறது. பெயர் 'டைனகோ ஸ்டீரியோ 70'. அண்ணாச்சி கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அதைக் கொண்டு ஆம்பிளிபையரைப் பெரிதாக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மழைக்கு ஒழுகும் மச்சைப் பூசிவிட வேண்டும் என்பது வீட்டம்மாளின் ஆசை. இரண்டில் எது ஜெயிக்கும்?

அதற்கு முன் அந்தப் பெட்டியின் பூர்வோத்தரத்தைப் பார்த்துவிடலாம்.

படகில் பிறந்த யுக்தி

ஈனசுரமான மின்சாரத்தைப் பெரிதாக்கும் மூன்று முனை வால்வை 1906-ல் உண்டாக்கியவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட். ஒலி பெருகியது, கூடவே கரகரப்பும் பெருகியது. அதற்குப் பரிகாரம் கண்டவர் ஹெரால்ட் பிளாக் என்னும் இளம் என்ஜினீயர். 1927 ஆகஸ்ட் 2-ந் தேதி காலை, ஹட்ஸன் நதியில் படகேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு யோசனை உதித்தது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் மேலேயே படம் போட்டுக் கணக்கையும் எழுதிவிட்டார். வெளியே போகும் ஒலியில் ஒரு துளியைத் தலைகீழாக்கித் திரும்ப உள்ளே அனுப்பினால், யந்திரம் தன் பிழையைத் தானே குறைத்துக்கொள்ளும். பாட்டு வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்து அபஸ்வரத்தை அப்போதைக்கப்போது திருத்துகிற மாதிரி!

இந்த யுக்தியை நன்றாகப் பயன்படுத்திய வில்லியம்ஸன் ஆம்பிளிபையரின் விவரம் 1947-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற இங்கிலீஷ் பத்திரிகையில் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்ஸிஸ்டரும் பிறந்தது. ஒருவன் பட்டாபிஷேகம் செய்துகொண்ட வருஷத்திலேயே அவனுக்குப் போட்டியாளன் பிறந்துவிட்டான் பாருங்கள்!

அண்ணாச்சியின் ஸ்டீரியோ 70 வெளிவந்தது 1959-ல். உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். பக்கத்துக்கு 35 வாட் வீதம், இ.எல்.34 என்ற நான்கு வால்வுகள் அதன் சக்தியைத் தருகின்றன. லட்சக்கணக்கில் விற்ற பெட்டி இது. உள்ளே 7199 என்று இரண்டு சிறிய வால்வுகள் உண்டு. அவற்றை உற்பத்தி செய்வது நின்று போனதால், வேறு வால்வுகள் பொருந்தும் புதுப் பலகைகளை ரசிகர்களே தயாரித்து மாட்டத் தொடங்கினார்கள். இன்றைக்கும் உலகமெங்கும் இந்தப் பெட்டியைப் பிரித்துப் பூட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

செருகினால் தீபாவளி

அண்ணாச்சி பெட்டியை இறக்கித் துடைத்தார். பிளக்கைக் கையில் எடுத்தார். நல்லவேளையாக ரேடியோ மெக்கானிக் தம்பி வந்து சேர்ந்தான்.

"அண்ணாச்சி, செருகிராதிய! இது அமெரிக்காப் பெட்டி. 117 வோல்ட்டுக்குச் செஞ்சது. நம்ம வீட்டு 230 வோல்ட்டுல செருகினா இன்னைக்கே தீபாவளிதான்!"

"அப்படியா தம்பி? என்ன செய்யணும்?"

"வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர் ஒண்ணு தனியா வைக்கணும். அதுக்கும் முன்னாலே கண்டன்சரையெல்லாம் பாக்கணும்."

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எலெக்ட்ராலிடிக் கண்டன்சருக்குள் ஈரமான ரசாயனம் இருக்கிறது. அது காலப்போக்கில் உலரும். உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது என்ஜினீயர்களின் கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு 105 டிகிரி தாங்கும் கண்டன்சரே உத்தமம். கண்டன்சர் தளர்ந்தால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்கும். மின்சாரத்தின் 50 சுழற்சி 100 ஆகி ஒலிக்கும் உறுமல் அது. அதைத் தம்பூராச் சுருதி என்று நினைத்து மயங்க வேண்டாம்!

இரண்டாவது, ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்தும் சிறு கண்டன்சர்கள். இவை கசிந்தால் பெரிய வால்வு அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுத்துச் சிவக்கும். கடைசியில் விலை உயர்ந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் கருகும். அந்த டிரான்ஸ்பார்மர்தான் பெட்டியின் சொத்து. நன்றாயிருந்தால் அதன்மேல் கை வைக்கக்கூடாது.

மூன்றாவது, மூன்று முள் பிளக்கும், எர்த்தும், சரியான ப்யூஸும். நான்காவது, வால்வுகளின் 'பயாஸ்' மின்சாரத்தை மீட்டர் வைத்துத் திருத்துவது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் புது வால்வு, புதுப் பலகை என்ற பேச்சு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தப் பெட்டிக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் உலவுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். 'கரண்டுதான் இல்லையே' என்று கை விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தத் தேக்கத்தை முறைப்படி ரெஸிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளத் தெரிந்தவர்தான் மூடியைத் திறக்கலாம். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பிளிபையரை ஓட்டவும் கூடாது; டிரான்ஸ்பார்மருக்குக் கேடு.

வாட் கணக்கும் மச்சுக் கணக்கும்

"35 வாட்டை 70 ஆக்கினா சத்தம் ரெண்டு மடங்கு கேக்கும்லா தம்பி?" என்றார் அண்ணாச்சி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது கொஞ்சம் உயர்ந்தாற்போல் தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறையப் பத்து மடங்கு, அதாவது 350 வாட் வேண்டும்! ஆனால் 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் ஸ்பீக்கரை வைத்தால், ஆம்பிளிபையரைத் தொடாமலே வாட்டை இரட்டித்த பலன் கிடைத்துவிடும். வெறும் சுவரில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். அதற்குச் செலவே இல்லை.

"அப்போ வால்வை எடுத்துட்டு டிரான்ஸிஸ்டருக்கே போயிரலாமா?"

வால்வா, டிரான்ஸிஸ்டரா என்ற சண்டை சங்கனும் பதுமனும் போட்ட சண்டையைப் போன்றது. சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று அந்த இரு நாகர்களும் வாதாடியபோது, அம்பாள் தபசிருந்து இருவரும் ஒருவரே என்று காட்டிய ஸ்தலம் அல்லவா இது! முன்பாதி வால்வும் பின்பாதி டிரான்ஸிஸ்டருமாக, சங்கரநாராயணர் போலவே ஒரே மேனியில் இரண்டும் சேர்ந்த ஆம்பிளிபையர்களும் உண்டு. அளவுக் கருவியில் டிரான்ஸிஸ்டருக்குப் பிழை குறைவு, உஷ்ணமும் குறைவு. வால்வின் குழைவை விரும்பும் காதுகளும் இருக்கத்தான் செய்கின்றன. அது அவரவர் ருசி.

தம்பி கண்டன்சர்களை மட்டும் மாற்றினான், எர்த் கொடுத்தான், பயாஸைத் திருத்தினான். சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்த சாமான்களுக்கு ஆன செலவு போக, அண்ணாச்சியின் பணத்தில் பெரும் பகுதி மிச்சம்.

பரீட்சைக்கு எந்த இசைத்தட்டு? நெல்லைச் சீமைக்காரருக்கு அதில் சந்தேகம் வருமா? 1964-ல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம்தான்! சீவாளியில் காற்றுப் புகும் ஓசையும், தவிலின் தொப்பியில் விழும் குச்சியின் அடியும் தனித்தனியே கேட்டன. பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, அடுத்து என்ன மாத்தலாம்?"

"மச்சுத் தளத்தை மாத்துங்க அண்ணாச்சி. ஒழுகுத தண்ணி பெட்டி மேலே விழுந்தா நான் செஞ்ச வேலையெல்லாம் வீண்!"

"நல்லாச் சொல்லுங்க தம்பி!" என்று உள்ளேயிருந்து காப்பியோடு வந்தாள் வீட்டம்மாள்.