உணவுச்சாலையிற் கற்கும் மலாய்மொழி

யாழ்ப்பாணத்தவர்க்கு மலாய் நாடு புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலிருந்தே எம்மவர் பலர் அங்குப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமை பார்த்தனர். இன்றும் உறவினரைக் காணவோ தொழில் நிமித்தமோ கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் செல்வோர் உளர். சின்னாள் தங்கும் ஒருவர் அந்நாட்டு மொழியின் பாலபாடத்தைக் கற்க விரும்பின், இலக்கண நூலைத் தேடவேண்டியதில்லை; உணவுச்சாலையின் பட்டியலே போதும்.

'நாசி' என்பது சோறு; 'ஆயாம்' என்பது கோழி; 'கோரெங்' என்பது பொரித்தல். பொரித்த சோறு 'நாசி கோரெங்', பொரித்த கோழி 'ஆயாம் கோரெங்' எனப்படும். தமிழில் அடை முன்னும் பெயர் பின்னும் வர, மலாயில் இம்முறை தலைகீழாகும். 'மாக்கான்' என்றால் உண்ணுதல். அதனோடு 'ஆன்' விகுதி சேர்ந்த 'மாக்கானான்' உணவு. அவ்வாறே 'மீனும்' என்பது அருந்துதல், 'மீனுமான்' பானம். ('மீனும்' என்ற சொற்கேட்டு மீனும் வருமென எண்ணற்க.) எமது சந்தைகளில் விற்கும் றம்புட்டானிலுள்ளதும் இவ்விகுதியே. 'றம்புட்' என்பது மயிர். மயிருடைய பழம் றம்புட்டான். 'டுரி' என்னும் முள்ளையுடையது டுரியான்.

எமது சொற்கள் சிலவும் அங்கே உருமாறி வாழ்கின்றன. கடை 'கெடாய்' ஆயிற்று. மாம்பழம் 'மெம்பெலாம்' ஆயிற்று. கறியும் அப்பமும் பெரிதும் மாறாதுள்ளன. ஆயினும் ஒலியொப்புமை கண்டவிடமெல்லாம் உறவு கொண்டாடலாகாது. இரண்டு என்னும் பொருளுடைய 'டுவா' வடமொழியிலிருந்து பெற்ற கடனன்று. அம்மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல்லேயாம்.

கோப்பிக்கடையிற் பாடம் சற்றுக் கடினமானது. கடையின் பெயராகிய 'கோப்பித்தியாம்' என்பதிலேயே 'கோப்பி' மலாய், 'தியாம்' ஹொக்கியன் சீனம். கோப்பி என்று மாத்திரம் கேட்பின் தகரத்திலடைத்த கட்டிப்பால் சேர்த்தே தருவர். பால் வேண்டாதவர் கறுப்பு என்னும் பொருளுடைய ஹொக்கியன் சொல்லைச் சேர்த்துக் 'கோப்பி ஓ' என்பர். அப்பொழுதும் சீனி இருக்கும். அதனையும் விலக்குவது 'கொசோங்' என்னும் மலாய்ச் சொல். வெறுமை என்பதே அதன் பொருளாயினும், எமது வெறுந்தேநீரில் இல்லாதது பால், அவர்களது 'கொசோங்'கில் இல்லாதது சீனி. ரொட்டியோடு வரின் முட்டை முதலியன சேராத வெற்று ரொட்டியைக் குறிக்கும். தொலைபேசி இலக்கம் சொல்லும்போது பூச்சியமாகும். சிங்கப்பூரின் இத்தகைய கடைத்தொகுதிகளின் உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020ஆம் ஆண்டிலே தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

சைவ உணவினர்க்கோ இச்சொல்லறிவு பொழுதுபோக்கன்று. 'சாயூர்' என்பது மரக்கறி. நாம் மரக்கறிச் சாப்பாடு என்று கருதுவதை அச்சொல் குறிப்பதில்லை. 'கங்கோங் பெலாச்சான்' எனப் பட்டியலிலுள்ளது வெறுங் கீரையாகவே தோன்றும். பெலாச்சான் என்பதோ கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து உலர்த்திய பசை. கண்ணுக்கு அது தென்படாது. 'நாசி லெமாக்' தேங்காய்ப்பாலில் அவித்த சோறு, அதில் தவறொன்றுமில்லை. உடன்வரும் சம்பலிற் பெரும்பாலும் பெலாச்சானும், அருகே 'ஈக்கான் பிலிஸ்' என்னும் நெத்தலிக் கருவாடும் இருக்கும். ஆகவே மனனஞ்செய்ய வேண்டிய வாக்கியம் இது: 'சாயா தாக் மாக்கான் டாகிங், ஈக்கான், ஊடாங்' — நான் இறைச்சி, மீன், இறால் உண்பதில்லை. இங்கு 'சாயா' நான், 'தாக்' எதிர்மறை. இடமும் காலமும் மாறினும் 'மாக்கான்' மாறாமை காண்க. வினைத்திரிபு கற்று வருந்திய மாணாக்கர்க்கு இஃதோர் ஆறுதல்!

அதன்பின் 'அடா பெலாச்சான்?' என வினவுக. 'அடா' என விடை வரின் சினங்கொள்ளற்க. அம்மொழியில் அதற்கு உண்டு என்பதே பொருள். 'தாக் அடா' எனின் இல்லை. பரிமாறுபவர் வயதுமுதிர்ந்த பெண்ணாயின், எம்மூரில் மாமி என்பதுபோல 'மாக் சிக்' என்றும், இளைஞராயின் அண்ணன் என்னும் பொருளில் 'அபாங்' என்றும் அழைத்துக் கேட்டால், அவரே சமையலறைக்குட் சென்று விசாரித்து வருதலுமுண்டு.

ஐயந்தீராதவர்க்குச் சீனப் பௌத்தர் நடத்தும் சைவ உணவுக்கடைகள் உள்ளன. மண்டரின் மொழியில் 'சூ' என்னும் எழுத்தைப் பலகையில் இட்டிருப்பர். வெங்காயத்தையும் உள்ளியையுங்கூட அவர்களிற் பலர் சேர்ப்பதில்லை. அங்கே தட்டிற் காணும் கோழியும் வாத்தும் சோயா அவரையினாலும் கோதுமைப் பசையினாலும் ஆனவை.